ஏர் ரைபிளின் முன் சைட்டை மாற்றி ஜீரோ செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

"சார், க்ளிக் தீர்ந்துபோச்சு. இன்னும் கீழதான் விழுது."

போன மாதம் ரேஞ்சில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து இப்படிச் சொன்னான். கையில் புது முன் சைட் (குறிபார்க்கும் கருவி) பூட்டிய மேட்ச் ரைபிள், அதாவது போட்டி ரைபிள். அவன் அப்பா பல மாதம் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த சைட் அது. வந்த அன்றே ஆசையோடு மாட்டியிருக்கிறான். முதல் பெல்லட் (ஈயக் குண்டு) டார்கெட் கார்டின் கீழ் விளிம்பில் போய் விழுந்தது. பின் சைட்டை ஏற்ற ஆரம்பித்தவன், திருகு அதற்குமேல் சுற்றாமல் முட்டி நிற்கும் வரை ஏற்றிக்கொண்டே போய்விட்டான். க்ளிக் என்பது அந்தத் திருகு சுற்றும்போது ஒவ்வொரு படிக்கும் கேட்கும் சத்தம்.

வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தோம். புது சைட்டின் நடுப்புள்ளி பழையதைவிட 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் கார்டில் அது 37 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். கார்டே 80 மில்லிமீட்டர் சதுரம்தான், நடுவிலிருந்து விளிம்பு 40. முன் சைட்டின் அடியில் இருந்த உயர்த்தும் கட்டையைக் கழற்றினோம், பின் சைட்டை நடு நிலைக்குக் கொண்டுவந்தோம். அரை மணி நேரத்தில் பெல்லட் கார்டின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது.

குறி வைத்த இடத்திலேயே பெல்லட் விழும்படி சைட்டைச் சரிசெய்வதுதான் ஜீரோ. முன் சைட் மாற்றுகிற பலர் இங்கேதான் இடறுகிறார்கள். பூட்டியவுடனே திருகைத் தொட்டுவிடுகிறார்கள். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் சைட் சரியாக உட்கார வேண்டும், அப்புறம் ரிங் உங்கள் கண்ணுக்குப் பொருந்த வேண்டும், அப்புறம் குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட பெல்லட்களின் கூட்டம், சேர வேண்டும். க்ளிக் எல்லாவற்றுக்கும் கடைசி.

இங்கே நான் எழுதுவது 10 மீட்டர் போட்டியில் பயன்படும் 4.5 மில்லிமீட்டர் மேட்ச் ஏர் ரைபிளைப் பற்றி. சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைபிளின் முள் சைட்டுக்குத் தனியாக ஒரு பகுதி கீழே இருக்கிறது.

எதை மாற்றப் போகிறோம்

மேட்ச் ரைபிளின் முன் சைட் என்பது குழலின் முனைப் பக்கம் நிற்கும் ஒரு சிறு குழாய். டனல் என்போம். அதற்குள் ஒரு வட்ட வளையம் நிற்கும், அதுதான் ரிங். ரிங்கைத் தாங்கும் வில்லைக்கு இன்சர்ட் என்று பெயர். பின்னால் கண்ணுக்கருகே இருப்பது ஊசித்துளை வைத்த பின் சைட், டையாப்டர். துளை வழியாகப் பார்த்து, டனல் வட்டத்துக்குள் ரிங்கையும் ரிங்குக்குள் டார்கெட்டின் கறுப்பையும் நடுவாக வைத்துச் சுடுகிறோம். வட்டத்துக்குள் வட்டம் வைப்பது கண்ணுக்கு இயல்பாக வருகிற வேலை. அதனால்தான் இந்த முறை இவ்வளவு துல்லியமாக இருக்கிறது.

மாற்ற வேண்டிய காரணங்கள் மூன்று வகை. இன்சர்ட்டை மட்டும் மாற்றுவது சின்ன வேலை. 18 மில்லிமீட்டர் டனலை எடுத்துவிட்டு 22 போடுவது நடுத்தர வேலை. நிலையான ரிங்குக்குப் பதிலாக, சுற்றினால் பெரிதாகிச் சிறிதாகும் ஐரிஸ் ரிங் வைத்த முழு சைட்டையே மாற்றுவது பெரிய வேலை. மூன்றிலும் ஜீரோ நகரக்கூடும். இன்சர்ட்டை மட்டும் மாற்றும்போது நகராது என்று நினைக்காதீர்கள். வில்லையின் நடுப்புள்ளி ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் கார்டில் தெரியும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சர்வதேச விதிப்படி முன் சைட் டனல் 50 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாகவோ 25 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமாகவோ இருக்கக் கூடாது. குழலின் முனையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. ஆயுதப் பரிசோதனை மேசையில் இதை அளப்பார்கள்.

ரிங் அளவு: அவசரப்படாமல் முடிவு செய்ய வேண்டியது

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர் விட்டம். உங்கள் கண்ணிலிருந்து முன் சைட் 95 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30.5-ஐ 0.95-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 2.9. அதாவது, 2.9 மில்லிமீட்டர் ரிங் போட்டால் கறுப்பு ரிங்கை அப்படியே நிரப்பிவிடும், வெள்ளையே தெரியாது. 3.3 போட்டால் பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டர் வெள்ளை. 4.1 போட்டால் 0.6.

புதிதாகச் சுடுபவர்கள் பெரும்பாலும் சின்ன ரிங்கைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இறுக்கமாக இருந்தால் துல்லியம் கூடும் என்று எண்ணம். நடப்பது வேறு. ரைபிள் எப்போதும் சற்று ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஒலிம்பிக் வீரர் கையிலும் ஆடும். சின்ன ரிங்கில் அந்த ஆட்டம் ஒவ்வொன்றும் கறுப்பு ரிங்கை முட்டுவதாகத் தெரியும். கண் பதறும், விரல் ட்ரிகரில் உறைந்துவிடும், மூச்சு தீரும், கடைசியில் அவசரமாக இழுத்துவிடுவோம். வெள்ளை தாராளமாக இருந்தால் கறுப்பு நடுவில் மிதப்பதை மனம் ஏற்றுக்கொள்ளும், சுடுதல் தானாக நடக்கும்.

நான் மாணவர்களுக்குச் சொல்வது இது. 3.8-இல் ஆரம்பியுங்கள். ஜாக்கெட் போட்டு, நின்று, பத்து பத்தாகச் சுடுங்கள். 0.2 வீதம் ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த அளவில் குரூப் சின்னதாகவும், சுட்ட பிறகு மனம் அமைதியாகவும் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் தயங்கினால் பெரியதை எடுங்கள். குழலுக்கு முன்னால் நீட்டிப்புக் குழாய் போட்டு சைட்டை இன்னும் தள்ளி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கண்ணிலிருந்து 1.1 மீட்டர் என்றால் கறுப்பே 3.4 மில்லிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், அதற்கேற்ப ரிங்கும் பெரிதாக வேண்டும்.

வெளிச்சமும் இதில் சேரும். விதிப்படி உள்ளரங்க 10 மீட்டர் ரேஞ்சில் டார்கெட் மீது குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். ஊரில் பல பயிற்சி இடங்களில் ஒரு ட்யூப்லைட்தான் எரிகிறது. மங்கலான இடத்தில் தேர்ந்தெடுத்த ரிங், நல்ல வெளிச்சம் உள்ள போட்டி அரங்கில் வேறு மாதிரித் தெரியும். முடிந்தால் போட்டி வெளிச்சத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

கழற்றுவதற்கு முன்

ரைபிளின் வாய் டார்கெட் பக்கம். பெல்லட் போடும் வாசல் திறந்திருக்கட்டும். உள்ளே பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். சேஃப்டி ஃபிளாக் எனும் நிறக் கம்பியைக் குழல் முழுக்க நுழைத்து, அது முனையில் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். காற்று சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. முன் சைட் வேலையில் கை தொடர்ந்து குழல் முனைக்கு அருகிலேயே இருக்கும். அதனால் இதில் சலுகை கிடையாது. பத்து வருடம் சுட்டவருக்கும் இதே வரிசைதான்.

அப்புறம் பழைய நிலையைப் பதிவு செய்யுங்கள். பழைய சைட்டோடு பத்து பெல்லட் சுட்டு அந்தக் கார்டைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியரால் குழலின் மேல்பரப்பிலிருந்து டனலின் நடுவரை உயரம் அளந்து எழுதுங்கள். சைட்டின் பின் விளிம்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் குழலில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பென்சிலால் குறியுங்கள். பின் சைட்டின் உயரத் திருகைக் கடைசி வரை இறக்கி, எத்தனை க்ளிக் என்று எண்ணி, அதே எண்ணிக்கை திரும்ப ஏற்றுங்கள். பக்கவாட்டுக்கும் இதே போல. புது சைட் ஒத்துவராமல் போனால் ஐந்து நிமிடத்தில் பழைய ஜீரோவுக்குத் திரும்ப இந்தக் குறிப்புகள்தான் வழி. கைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ரைபிளோடு வந்த ஆலன் கீ (சில மாடல்களுக்கு நட்சத்திர முனை), வெர்னியர், சின்ன ரசமட்டம், தூக்குநூல், பஞ்சுத் துணி, கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மணல் பை இரண்டு. ஆலன் கீ தேய்ந்திருந்தால் புதிது வாங்குங்கள். தேய்ந்த கீ திருகின் தலையை உருட்டிவிடும், பிறகு அந்தத் திருகை எடுப்பது பெரும்பாடு.

கழற்றி மாட்டுவது

இன்சர்ட் மட்டும் என்றால், டனலின் திருகு வளையத்தை விரலால் சுற்றிக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் திறக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வில்லையில் ஒரு சிறு நாக்கு இருக்கும், டனலில் அதற்கொரு பள்ளம். நாக்கு பள்ளத்தில் விழுந்ததை உறுதி செய்துகொண்டு வளையத்தை விரல் இறுக்கத்துக்கு மூடுங்கள். குறடு எல்லாம் வேண்டாம். வில்லையைப் பிடிக்கும்போது விளிம்பில் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்டால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வில்லைகள் மங்கிப் போகும்.

முழு சைட் என்றால் அடிப்பக்கத்துப் பிடிப்புத் திருகை முழுதும் கழற்ற வேண்டாம், இரண்டு மூன்று சுற்று தளர்த்தினால் போதும். சைட் முன்பக்கமாக நகர்ந்து வரும். வராவிட்டால் தட்டாதீர்கள், இன்னும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பொதுவாகக் குழலின் முனையில் 11 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டிய தளம் ஒன்று இருக்கும். அதில் வருடக்கணக்கில் சேர்ந்த எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, முழுதும் உலரவிட்டுப் புதியதை நுழையுங்கள். பிடிக்கும் பரப்பில் எண்ணெய் இருக்கக் கூடாது.

இப்போது உயரம். புது சைட்டின் நடு உயரத்தை அளந்து, எழுதி வைத்திருக்கும் பழைய உயரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைக் கார்டுக்கு மாற்றும் கணக்கு எளிது: உயர வித்தியாசத்தை 10,000-ஆல் பெருக்கி, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் மில்லிமீட்டரில். இடைத்தூரம் 800 என்றால், 1 மில்லிமீட்டர் வித்தியாசம் கார்டில் 12.5. முன் சைட் உயர்ந்தால் பெல்லட் கீழே போகும். முன் சைட் தாழ்ந்தால் பெல்லட் மேலே போகும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பின் சைட் க்ளிக் சமாளித்துக்கொள்ளும். அதற்கு மேல் என்றால் உயர்த்தும் கட்டையைச் சேர்த்தோ நீக்கியோ சரிசெய்யுங்கள். இரண்டு சைட்டுக்கும் அடியில் ஒரே உயரக் கட்டை போட்டால் ஜீரோ பெரிதாக நகராது, தலை நிமிர்வு மட்டும் மாறும். கழுத்து நீளமானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

திருகை இறுக்கும்போது கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து, இரண்டு விரல் பலத்தில் நிறுத்துங்கள். ரைபிள் கையேட்டில் இறுக்க அளவு போட்டிருந்தால் டார்க் டிரைவரால் (இறுக்க அளவைக் காட்டும் திருப்புளி) அந்த அளவுக்கே வையுங்கள்.

இறுக்கியதும் நெயில் பாலிஷ் கொண்டு திருகுத் தலையிலிருந்து சைட் உடல்வரை ஒரு மெல்லிய கோடு போடுங்கள். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு போட்டியில் பட்ட பிறகுதான் வந்தது. முந்தின நாள் இரவு சைட்டை மாட்டி, விரல் இறுக்கத்தில் விட்டு, காலையில் இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன். முப்பதாவது சுடுதலுக்கு மேல் பெல்லட் கீழே இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. நின்ற நிலையில்தான் தப்பு என்று நினைத்துக் காலை மாற்றினேன், கன்னத்தை மாற்றினேன், க்ளிக்கைத் திருகினேன். பத்துச் சுடுதல் போன பிறகுதான் கையால் சைட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. அன்றைக்கு இழந்த புள்ளிகளைவிட, அந்தப் பத்து சுடுதலில் என் நிலையையே சந்தேகப்பட்டதுதான் அதிகம் வலித்தது.

மட்டம் பார்ப்பது

பலர் தாண்டிப் போகிற கட்டம் இது. ஆனால் இதில் நிறையப் புள்ளிகள் இருக்கின்றன.

மேட்ச் ஏர் ரைபிளின் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டரைக் கடக்க நொடியில் பதினாறில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் ஈர்ப்பு அதை 18 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். அந்த வீழ்ச்சியை ஈடுகட்டத்தான் குழல், பார்வைக் கோட்டைவிடச் சற்று மேல்நோக்கி நிற்கிறது. ரைபிளைச் சாய்த்தால் அந்த மேல்நோக்கு பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். 5 டிகிரி வலப்பக்கம் சாய்ந்தால் பெல்லட் 1.6 மில்லிமீட்டர் வலப்பக்கம் போகும். இந்த டார்கெட்டில் 0.1 புள்ளி என்பது 0.25 மில்லிமீட்டர். ஆக, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத சாய்வில் 0.6 புள்ளி கைவிட்டுப் போகிறது.

முன் சைட்டின் வேலை இங்கே சாய்வைக் காட்டிக்கொடுப்பது. பல இன்சர்ட்களில் ரிங்கை இரண்டு பக்கமும் தாங்கும் மெல்லிய பட்டைகள் உண்டு. அவை படுக்கைக் கோடாகத் தெரிய வேண்டும். டார்கெட் இடத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிடுங்கள். மணல் பையில் ரைபிளை வைத்து, பின் சைட்டுத் தளத்தில் ரசமட்டம் வைத்து ரைபிளை மட்டமாக்குங்கள். பிறகு துளை வழியே பார்த்தால் பட்டைகள் நூலுக்குச் செங்குத்தாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் பிடிப்பைத் தளர்த்தி டனலைச் சுழற்றிச் சரிசெய்யுங்கள்.

ரைபிளை உடம்புப் பக்கம் சற்றுச் சாய்த்தே சுடுபவர்கள் இருக்கிறார்கள். தோளில் அப்படித்தான் அது நன்றாக உட்காரும். அது தவறில்லை. ஒவ்வொரு முறையும் அதே சாய்வு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் தங்கள் நிலையில் நின்று, இன்னொருவரைக் கொண்டு டனலைச் சுழற்றி, அந்தச் சாய்விலேயே பட்டைகள் படுக்கையாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

முதல் சுடுதல்கள்

சைட் உட்கார்ந்தாயிற்று. பின் சைட்டை மேல் கீழ், இடம் வலம் இரண்டிலும் அதன் மொத்த நகர்வின் நடுவில் நிறுத்துங்கள். டார்கெட்டுக்குப் பின்னால் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை வையுங்கள், கார்டுக்கு வெளியே போனாலும் எங்கே போனது என்று தெரிய வேண்டும். பெல்லட் பிடிக்கும் பெட்டி அந்த அட்டையைவிட அகலமாக இருக்கட்டும்.

மணல் பையில் வைத்து, ஒரே டப்பாவில் இருந்து எடுத்த பெல்லட்டால், ஐந்து சுடுங்கள். ஒன்றைச் சுட்டுவிட்டுத் திருத்தாதீர்கள். ஒரு பெல்லட் எதையும் சொல்லாது, ஐந்து சேர்ந்தால்தான் பேசும். ஐந்தின் நடுவைக் கண்ணால் மதிப்பிட்டுப் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கும் டார்கெட்டின் நடுவுக்கும் இடையே மேல்-கீழ் எவ்வளவு, இடம்-வலம் எவ்வளவு என்று தனித்தனியே அளந்து எழுதுங்கள்.

குரூப் சிதறிக் கிடந்தால் நில்லுங்கள். திருத்த வேண்டியது ஜீரோ இல்லை. சைட் ஆடுகிறதா, இன்சர்ட் உள்ளே கிலுகிலுக்கிறதா, பின் சைட்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் டப்பாக்கள் வருகின்றன. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது.

க்ளிக் கணக்கு

ஒரு க்ளிக் கார்டில் எவ்வளவு நகர்த்தும் என்பதைக் கையேட்டில் தேடுவதைவிட நீங்களே அளந்துவிடுங்கள். உங்கள் சைட் இடைத்தூரத்தைப் பொறுத்து அது மாறும். ஐந்து சுட்டுவிட்டு, உயரத்தில் பத்து க்ளிக் நகர்த்தி, மறுபடி ஐந்து சுடுங்கள். இரண்டு குரூப்பின் நடுவும் 3 மில்லிமீட்டர் விலகியிருந்தால் ஒரு க்ளிக் 0.3. இதை ரைபிள் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது திருத்தம். குரூப் நடு 6 மில்லிமீட்டர் வலமும் 4.2 மில்லிமீட்டர் மேலும் இருக்கிறது என்றால், இடப்பக்கம் 20 க்ளிக், கீழ்ப்பக்கம் 14 க்ளிக். முதலில் உயரத்தைத் திருத்தி ஐந்து சுடுங்கள், பிறகு பக்கவாட்டைத் திருத்தி ஐந்து. இரண்டையும் சேர்த்துச் செய்தால் தப்பு எதில் என்று தெரியாமல் போகும்.

எந்தப் பக்கம் திருகுவது? இங்கே குழப்பம் அதிகம். பின் சைட்டின் துளை எந்தப் பக்கம் நகர்கிறதோ அதே பக்கம் பெல்லட் நகரும். அது மாறாத விதி. ஆனால் திருகின் மேல் உள்ள எழுத்து வேறு கதை. ஜெர்மன் தயாரிப்புகளில் உயரத் திருகில் மேல் என்பதற்கு எச் (H), கீழ் என்பதற்கு டி (T) என்ற எழுத்துகள் இருக்கும். அவை பொதுவாகப் பெல்லட் இப்போது எங்கே விழுகிறது என்பதைக் குறிக்கும். அதாவது மேலே விழுந்தால் எச் பக்கம் திருகினால் கீழே இறங்கும். வேறு சில தயாரிப்புகளில் எழுத்து, பெல்லட் போக வேண்டிய பக்கத்தைக் காட்டும். நேர் எதிர். எழுத்தை நம்பாமல், பத்து க்ளிக் சோதனையில் எந்தப் பக்கம் போனது என்று பார்த்து, உங்கள் மொழியில் ஒரு அம்புக்குறி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பழைய சைட்களில் திருகைத் திசை மாற்றும்போது முதல் ஒன்றிரண்டு க்ளிக் வெறுமனே சுற்றும். அப்படியென்றால் வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு க்ளிக் போய், அங்கிருந்து நான்கு திரும்பி வாருங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் இந்தத் தளர்வு தொந்தரவு செய்யாது.

முள் சைட் உள்ள ஸ்பிரிங் ரைபிளுக்கு

திறந்த சைட் வைத்த ரைபிளில் முன் சைட் ஒரு முள்ளாக நிற்கும், பல மாடல்களில் குறுக்குப் பள்ளத்தில் இறுக்கமாகச் செருகியிருக்கும். இங்கே பக்கவாட்டு ஜீரோவை முன் முள்ளை நகர்த்தியே செய்யலாம். விதி தலைகீழ்: பெல்லட் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முள்ளை நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்கு அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 10 மீட்டரில் 20 மில்லிமீட்டர் இடப்பக்கம் போகிறது, சைட் இடைத்தூரம் 450 என்றால், 20-ஐ 450-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 0.9. முள்ளை 0.9 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ள வேண்டும். குழலை மரக்கட்டையில் தாங்கி, பித்தளைப் பஞ்ச் வைத்து, சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். தட்டுவதற்கு முன் முள்ளின் நடுவிலிருந்து தளம்வரை ஒரு பென்சில் கோடு போட்டால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும்.

உயரத்துக்கு, பெல்லட் கீழே போனால் முள் குட்டையாக வேண்டும், மேலே போனால் உயரமான முள் வேண்டும். அரத்தால் தேய்ப்பதென்றால் கணக்கில் வந்ததில் பாதி மட்டும் தேய்த்துச் சுட்டுப் பாருங்கள். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பின் சைட்டில் உயரத் திருகு இருந்தால் அரத்தை எடுக்கவே வேண்டாம்.

நின்று சுட்டு உறுதி செய்வது

மணல் பையில் வந்த ஜீரோ பாதி வேலைதான். ஜாக்கெட், பேன்ட், காலணி எல்லாம் போட்டு நின்று சுடும்போது அது நகரும். கன்னம் ஸ்டாக்கில் பதியும் இடம் மாறும், கண் துளைக்குப் பின்னால் நிற்கும் தூரம் மாறும், சுட்ட கணத்தில் ரைபிள் அசையும் விதமும் மாறும். ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். அதனால் கடைசித் திருத்தம் எப்போதும் நின்ற நிலையில்தான். பத்துச் சுடுதல்கள் இரண்டு முறை, நடுவில் ரைபிளைக் கீழே வைத்து மறுபடி நின்று. கண் ரிங்கில் இருக்கட்டும், கறுப்பு சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அந்த ஒரு மில்லிமீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்காக: கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றபோது இறுதிச் சுற்றின் 24 சுடுதலில் எடுத்தது 251.7. சராசரி 10.49. அதாவது பெல்லட்களின் நடு, டார்கெட் நடுவிலிருந்து சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள்தான் சராசரியாக விழுந்திருக்கிறது. அந்த மட்டத்தில் ஜீரோ ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால், தவறான பக்கம் விழும் ஒவ்வொன்றிலும் 0.4 வரை போய்விடும்.

முதல் நாள் ஜீரோவை நம்பிப் போட்டிக்குப் போகாதீர்கள். மூன்று தனித்தனி நாட்களில் சுட்டுப் பாருங்கள். புதுத் திருகுகள் ஒரு வாரம் சுட்ட பிறகு சற்றுத் தளரும், அப்போது நெயில் பாலிஷ் கோட்டைப் பார்த்து மறுபடி இறுக்குங்கள். ஐரிஸ் ரிங் வைத்திருப்பவர்கள் அளவை மாற்றும்போதெல்லாம் ஐந்து சுட்டு ஜீரோவைச் சரிபாருங்கள்.

போட்டி நாளில் 60 சுடுதலுக்கு முன் தயாரிப்புக்கும் சோதனைச் சுடுதலுக்குமாக 15 நிமிடம் தருவார்கள். அதில் முதல் ஐந்தைத் திருத்தாமல் சுடுங்கள், அரங்கின் வெளிச்சத்துக்குக் கண் பழகட்டும். அப்புறம் திருத்துங்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்கு இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதல் நடுவை விட்டு வெகுதூரம் போய் விழுந்தது. தன் சைட்டில் யாரோ கை வைத்திருக்கலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார். மீதி இருந்த கொஞ்ச நேரத்தில் சைட்டைத் திருத்திக்கொண்டு, 700.5 புள்ளிகளோடு இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். தன் க்ளிக் ஒவ்வொன்றும் கார்டில் எவ்வளவு என்று விரல் நுனியில் வைத்திருப்பவரால்தான் அப்படி ஒரு நேரத்தில் திருத்த முடியும்.

வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெல்லட் ஈயம். கடைசி ஜீரோவின் க்ளிக் எண்ணிக்கை, ரிங் அளவு, பெல்லட் டப்பாவின் எண், தேதி நான்கையும் அதே பெட்டி மூடியில் எழுதிவிடுங்கள்.